அணுவின் கதையில் எங்கள் தீவின் கல்

குளோரீன் 35.5. சாதாரண தரம் வரை விஞ்ஞானம் படித்த எவருக்கும் இந்த எண் மறந்திருக்காது. காபன் 12, நைதரசன் 14, ஒட்சிசன் 16, சோடியம் 23 என்று முழு எண்களாக இறங்கிவந்த பட்டியலில் குளோரீன் மட்டும் ஓர் அரையை இழுத்துக்கொண்டு நின்றது. நாமும் 23உடன் 35.5ஐக் கூட்டி, கறியுப்புக்கு 58.5 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனோம். பாலாவிப் பக்கம் பஸ்ஸில் போகும்போது வெள்ளை வெள்ளையாகக் குவிந்து தெரிகிற உப்புத்தான் அந்த 58.5 என்பதுகூட வகுப்பறையில் நினைவுக்கு வந்ததில்லை. அணுவில் பாதி ஏது, அந்த அரை எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டிருந்தால், பதில் சொல்வதற்கு டீச்சர் எங்களைச் சப்பிரகமுவவின் ஓடைகளுக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்திருக்கும்.

கல்லூரியின் நூறாண்டு வரலாற்றை இம்மலரில் வேறு சகோதரிகள் எழுதுகிறார்கள். விஞ்ஞான அறையில் ஒன்றாக இருந்த நாம், அந்த அறையில் சொல்லப்படாமல் போன ஒரு வரலாற்றை எழுத எடுத்துக்கொண்டோம். அணுவின் அமைப்பைக் கண்டறிந்த கதை பாடநூலில் இருந்தது. தொம்சன், ரதர்போர்ட், போர், சட்விக் என்று நான்கு பெயர்கள். கேம்பிரிட்ஜ், மன்செஸ்டர், கொப்பன்ஹேகன் என்று மூன்று ஊர்கள். அது பொய்யல்ல. ஆனால் அதன் நடுப்பகுதி ஒன்று, இலங்கையின் இரத்தினக்கல் சரளையிலிருந்து எடுத்த கறுத்த கற்களை வைத்து நடந்தது. நாம் படித்த நூல்களின் அணு அலகில் இலங்கை என்ற சொல் ஓரிடத்திலும் வரவில்லை.

கதை 1896இல் பாரிஸில் தொடங்குகிறது. யுரேனியம் தானாகவே ஒரு கதிரை வெளிவிடுவதை பெக்கரல் கண்டார். அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜில் தொம்சன் இலத்திரனைக் கண்டார். பிளக்க முடியாதது என்று பெயர் வாங்கிய அணுவுக்குள் அதைவிடச் சிறிய ஒன்று இருந்தது. 1898இல் மேரி கியூரி தோரியமும் யுரேனியத்தைப் போலவே கதிர் விடுகிறது என்று காட்டினார். 1902 அளவில் கனடாவின் மொன்றியலில் ரதர்போர்டும் இளைஞரான பிரெடெரிக் சொடியும் அதைவிடத் துணிந்த ஒன்றைச் சொன்னார்கள்: கதிர் விடும் அணு அப்படியே இருப்பதில்லை, வேறொரு மூலகமாக மாறுகிறது. இரசாயனவியலாளர் பலருக்கு இது இரும்பைப் பொன்னாக்கும் பழைய வித்தை போலக் கேட்டது.

இந்தத் தோரியம் எமது கரைக்கு அந்நியமான பொருள் அல்ல. இரவில் களப்பில் இறாலுக்குப் போனவர்கள் கொண்டுபோன பெற்றோல்மக்ஸ் விளக்கை நினைத்துப் பாருங்கள். அதில் சின்னப் பை போல் தொங்கும் மென்டில் ஒருமுறை எரிந்து சாம்பல் வலையானதும் கண் கூசும் வெள்ளொளி தரும். பழைய மென்டில்களில் அந்தச் சாம்பல் ஏறக்குறைய முழுவதும் தோரியம் ஒட்சைட்டுத்தான். சீரியம் ஒட்சைட்டு ஒரு விழுக்காடு அளவில் கலந்திருக்கும். கையால் தொட்டால் உதிர்ந்துவிடும் என்று எம்மைக் கிட்டே விடமாட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய நகரங்கள் வாயு விளக்கில் ஒளிர்ந்தன; ஆகவே தோரியம் எங்கே கிடைக்கும் என்று வியாபாரிகள் உலகெங்கும் தேடினார்கள். கல் முதலில் லண்டனுக்குப் போனது விஞ்ஞானத்துக்காக மட்டும் அல்ல என்பதை மறைக்க வேண்டியதில்லை.

1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிய அளவையின் பணிப்பாளராக இருந்தவர் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றாசிரியராக உலகம் அறிந்த அதே குமாரசுவாமிதான். 1877இல் கொழும்பில் பிறந்தவர். தந்தை சேர் முத்து குமாரசுவாமி, குழந்தைக்கு இரண்டு வயது நிறையுமுன் காலமானார். ஆங்கிலேயத் தாயாரிடம் இங்கிலாந்தில் வளர்ந்து, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் படித்தார். எமது கரைக்கும் அந்தக் குடும்பத்துக்கும் ஒரு சிறு தொடுப்பு உண்டு. ஆனந்தரின் பாட்டனார் குமாரசுவாமி முதலியார் சட்டசபையில் தமிழர் பிரதிநிதியாக இருந்து 1836இல் மறைந்தபின், 1838இல் அந்த ஆசனத்துக்கு வந்தவர் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி. தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதிய அதே காசிச்செட்டி. இது விஞ்ஞானத்துக்குச் சம்பந்தமில்லாத செய்திதான். கற்பிட்டிப் பிள்ளைகள் எம்மில் பலர் இருப்பதால் சொல்லி வைத்தோம்.

பலாங்கொடைப் பக்கத்தில் இரத்தினக்கல் தோண்டுபவர்கள், மண்ணுக்குக் கீழே கிடக்கும் சரளைப் படையைச் சிங்களத்தில் ‘இல்லம்’ என்பார்கள். தமிழ்க் காதுக்கு அது வீடு என்று கேட்கும். கல்லுக்கும் அது வீடுதானே. அந்தச் சரளையைக் கூடையில் அள்ளி, நீரில் வைத்துச் சுழற்றுவார்கள். மண்ணும் இலேசான கல்லும் வெளியே போக, கனம் கூடியவை அடியில் தங்கும். எமது கடற்கரையிலும் இதே வேலையை அலை செய்கிறது. கச்சான் காலத்தில் கடல் அடித்து ஓய்ந்தபின் மணலில் கோடு கோடாகக் கறுப்பு படிந்திருப்பதைக் காண்போமே, அது இல்மனைற்று முதலான கனத்த கனியங்களை அலை கழுவிப் பிரித்து விட்டுப்போன அடையாளம். பலாங்கொடைக் கூடையின் அடியில் நீலக்கல்லோடும் வைரோடியோடும் சில நேரங்களில் சிறிய, கறுத்த, சதுரமுகப் பளிங்குகளும் தங்கின. அளவுக்கு மீறிய கனம். இரத்தினமாக விற்க முடியாதவை.

1904இல் இந்தப் பளிங்குகள் குமாரசுவாமியின் மூலம் லண்டனில் இருந்த பேரரசு நிறுவனத்துக்குப் போயின. அவர் அதை யுரேனியத் தாதான யுரேனினைற்று என்று எடுத்திருந்தார். அங்கே விண்டம் டன்ஸ்டன் பகுத்துப் பார்த்தபோது அதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு தோரியம் ஒட்சைட்டு இருந்தது. உலகம் அதுவரை அறியாத கனியம். தோரியனைற்று என்று பெயர் வைத்தார்கள். குமாரசுவாமி கண்டுபிடித்த கனியம் என்று இன்றும் பல இடங்களில் எழுதுகிறார்கள். டன்ஸ்டனின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்பது எமது எண்ணம். கூடையைச் சுழற்றி, இது வழக்கமான கழிவல்ல என்று முதலில் எடுத்து ஒதுக்கிய கைகள் யாருடையவை என்று எந்த நூலும் எமக்குச் சொல்லித் தரவில்லை.

கல் லண்டன் போனதும் அதைத் தேடி வந்தவர்களில் ஒருவர் வில்லியம் ராம்சே. 1895இல் ஈலியத்தைப் பூமியில் முதன்முதலாகப் பிடித்தவர். தோரியனைற்றைச் சூடாக்கினால் ஈலியம் கொட்டியது. ஒரு கிராம் கல்லிலிருந்து ஒன்பது கன சென்ரிமீற்றர் அளவில் வாயு. கல்லின் சொந்தப் பருமனைப் போல எண்பது மடங்குக்கு மேல்! இவ்வளவு வாயு ஒரு திண்மக் கல்லுக்குள் எப்படிப் புகுந்தது? அது வெளியிலிருந்து புகவில்லை, கல்லுக்குள்ளேயே பிறந்தது. தோரியமும் யுரேனியமும் வெளிவிடும் அல்பா துணிக்கை என்பது இலத்திரன் இழந்த ஈலிய அணுதான் என்று ரதர்போர்டும் றொய்ட்ஸும் 1908இல் மன்செஸ்டரில் நிரூபித்தார்கள். கல்லில் ஈலியம் எவ்வளவு வேகத்தில் சேர்கிறது என்று பின்னர் ஸ்ரட் என்பவர் தோரியனைற்றிலேயே அளந்து, அதன் வயது பல கோடி ஆண்டுகள் என்று கணித்தார்.

அதே ராம்சேயின் ஆய்வுகூடத்துக்கு 1904இல் ஜேர்மனியிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். பெயர் ஓட்டோ ஹான். கம்பனி ஒன்றில் வேலைக்குச் சேர்வதற்கு ஆங்கிலம் பழக வேண்டும் என்பதே அவர் வந்த காரணம். ராம்சே அவரிடம் பேரியம் உப்பு ஒன்றைக் கொடுத்து, அதில் கொஞ்சம் ரேடியம் இருக்கிறது, பிரித்தெடு என்றார். அந்த உப்பு வந்தது இலங்கைத் தோரியனைற்றிலிருந்து. ஹான் பிரித்துக்கொண்டு போகப் போக, ரேடியம் மட்டும் அல்லாத வேறொரு வீரியமான பொருள் தென்பட்டது. 1905இல் அதற்கு ரேடியோதோரியம் என்று பெயரிட்டார். அமெரிக்காவின் போல்ட்வுட் நம்பவில்லை; இது தோரியம் எக்ஸும் மடமையும் சேர்ந்த சேர்வை என்ற பொருள்படக் கேலி செய்து ரதர்போர்டுக்கு எழுதினார். அந்த ஆண்டே ஹான் மொன்றியலுக்குப் போய் ரதர்போர்டிடம் சேர்ந்தார்; கேலி அடங்கியது. கம்பனி வேலை கைவிடப்பட்டது.

இங்கேதான் முடிச்சு விழுகிறது. 1907இல் சிக்காகோவில் மக்கோயும் றொஸ்ஸும் ரேடியோதோரியத்தைத் தோரியத்திலிருந்து இரசாயன முறையில் வேறாக்க முயன்றார்கள். முடியவில்லை. அறிந்த வழியெல்லாம் பார்த்தும் முடியவில்லை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல: ஒன்று இரண்டு வருடத்துக்குள் பாதியாகிவிடும், மற்றது ஆயிரம் கோடி வருடத்துக்கு மேல் எடுக்கும். அப்படியானால் ஹானுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது? தோரியத்துக்கும் ரேடியோதோரியத்துக்கும் இடையில் இன்னொரு பொருள் இருந்தது. ஹான் பின்னர் அதைக் கண்டு மீசோதோரியம் என்றார். அது பேரியத்தோடு சேர்ந்து பிரிந்து வந்து, பாத்திரத்தில் இருந்தபடியே ரேடியோதோரியத்தைப் பெற்றிருக்கிறது. அந்த மீசோதோரியத்துக்கும் அதே குணம். ரேடியத்திலிருந்து அதைப் பிரிக்க முடியாது என்று 1910இல் சொடி கண்டார். இப்படி வேறாக்க முடியாத சோடிகள் ஒவ்வொன்றாகக் கூடின.

இதற்கிடையில் மன்செஸ்டரில் வேறொரு வேலை நடந்தது. அதற்கும் எமது கல்லுக்கும் தொடர்பில்லை, ஆனால் அது இல்லாமல் கதை நகராது. 1909இல் கைகரும் இருபது வயது மாணவரான மார்ஸ்டனும் மெல்லிய உலோகத் தகடுகள் மீது அல்பா துணிக்கைகளை ஏவினார்கள். அநேகமானவை நேரே போயின. ஏறத்தாழ எண்ணாயிரத்தில் ஒன்று வந்த பக்கமே திரும்பியது. இரண்டு வருடம் யோசித்து 1911இல் ரதர்போர்ட் சொன்னார்: அணுவின் திணிவு ஏறக்குறைய முழுவதும் நடுவே மிகச் சிறிய ஓர் இடத்தில் குவிந்திருக்கிறது, மிச்சம் வெறுவெளி. அந்த நடுவிடமே கரு. 1913இல் மொஸ்லி, ஒவ்வொரு மூலகத்தின் எக்ஸ் கதிரையும் அளந்து, கருவின் ஏற்றம் மூலகத்துக்கு மூலகம் ஒன்று ஒன்றாகக் கூடுவதைக் காட்டினார். அதுவே அணுவெண். மொஸ்லி இரண்டு வருடத்தில் கலிபொலிப் போர்க்களத்தில் சுடப்பட்டு இறந்தார். வயது 27.

அதுவரை மூலகங்களை ஆவர்த்தன அட்டவணையில் நிரைப்படுத்தியது அணுநிறையை வைத்து. ஒரு மூலகத்தின் அணுக்கள் எல்லாம் ஒரே நிறை, நிறை வேறானால் மூலகம் வேறு என்பது நூறு வருடத்து நம்பிக்கை. வேறாக்க முடியாத சோடிகளைப் பார்த்துப் பார்த்துச் சொடி அதை உடைத்தார். ஏற்றம் ஒன்றாயிருந்தால் அட்டவணையில் இடம் ஒன்று. நிறை வேறாக இருக்கலாம். அதற்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. 1913இல் கிளாஸ்கோவில் ஒரு விருந்தில், வைத்தியரும் நாவலாசிரியருமான மார்கரெட் டொட் என்ற அம்மையார், ‘ஒரே இடம்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ஐசோடோப் என்று சொல்லிக் கொடுத்தார். இலங்கைப் பாடநூல்களில் நாம் படித்த ‘சமதானி’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: சமம், தானம். டொட் அம்மையார் சொன்னதை எழுத்துப் பிசகாமல் தமிழில் வைத்திருக்கிறார்கள். பரீட்சைக்கு மனனம் செய்த நாட்களில் இச்சொல்லை நாம் இப்படிப் பிரித்துப் பார்த்ததில்லை.

பெயர் வைத்தால் போதாது, நிரூபிக்க வேண்டும். ரேடியோதோரியம் போன்றவை கண்ணுக்குத் தெரியாத அளவில் கிடைப்பவை. தராசில் வைக்க முடியாது. தராசில் வைக்கக்கூடிய ஒன்றே ஒன்று இருந்தது. ஈயம். தோரியமும் யுரேனியமும் மாறி மாறிக் கடைசியில் ஈயமாக நிற்கின்றன. ஒவ்வோர் அல்பா துணிக்கைக்கும் நிறையில் 4 குறையும். யுரேனியம் 238, எட்டு அல்பா போனால் 32 குறைந்து 206. தோரியம் 232, ஆறு அல்பா போனால் 24 குறைந்து 208. கடையில் விற்கும் சாதாரண ஈயம் 207.2. ஆகவே சொடி சொன்னது சரியானால், யுரேனியத் தாதிலிருந்து எடுத்த ஈயம் சாதாரண ஈயத்திலும் இலேசாகவும், தோரியத் தாதிலிருந்து எடுத்தது கனமாகவும் இருக்க வேண்டும். ஆறாம் வகுப்புக் கழித்தல் கணக்கு. இதற்கு மேல் தெளிவான சோதனையை நாம் எங்கும் படித்ததில்லை.

யுரேனிய ஈயம் பலரிடம் இருந்தது. 1914இல் ஹார்வர்டில் ரிச்சர்ட்ஸும், ஒஸ்திரியாவில் ஹோனிக்ஷ்மிட்டும் அவரோடு வேலை செய்த ஸ்டெபானி ஹொரோவிட்ஸும் அளந்து, அது சாதாரண ஈயத்திலும் இலேசு என்று காட்டினார்கள். ஆனால் அது பாதி நிரூபணம். இலேசாக வந்ததற்கு ஏதோ கலப்படம் காரணம் என்று ஒருவர் சொல்லலாம். மறுபக்கத்தில் கனமான ஈயமும் வர வேண்டும். அதில் ஒரு தடை: தோரியத் தாதுகள் பலவற்றில் யுரேனியமும் சேர்ந்திருக்கும். அப்போது இரண்டு ஈயமும் கலந்து, கூடியதும் குறைந்ததும் ஒன்றையொன்று மறைத்துவிடும். தோரியனைற்றிலும் இந்தக் குறை உண்டு.

தீர்வு மறுபடியும் இலங்கையிலிருந்து வந்தது. தோரைற்று என்ற இன்னொரு கனியம். தோரியனைற்றோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது ஒட்சைட்டு, இது சிலிக்கேற்று. இலங்கைத் தோரைற்றில் பாதிக்கு மேல் தோரியம், யுரேனியமோ ஒரு விழுக்காடு அளவில்தான். ஈயம் அதிலும் குறைவு. ஆனால் இருக்கிற ஈயம் அநேகமாக எல்லாம் தோரியம் பெற்ற ஈயம். சொடியும் ஹென்றி ஹைமனும் 1914இல் அதிலிருந்து ஒரு கிராம் அளவு ஈயத்தை எடுத்து அளந்தபோது 208.4 வந்தது. திசை சரி, இவ்வளவு சிறிய மாதிரியை வைத்து எவரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். ஆகவே கிலோக்கணக்கில் தோரைற்றை எடுத்து, கல் கல்லாகத் தெரிந்து, கூடுதலான ஈயம் பிரித்தார்கள்.

இம்முறை சொடி கையாண்ட வழி எமக்கு மிகவும் பிடித்தது. அணுநிறையை அளப்பதற்கு முன் அவர் ஈயத்தின் அடர்த்தியை அளந்தார். இரண்டு ஈயத்துக்கும் இலத்திரன் ஒழுங்கு ஒன்று என்றால் அணு பிடிக்கும் இடமும் ஒன்றாகத்தான் இருக்கும். அதே இடத்தில் கனமான அணு இருந்தால் ஈயம் அதே அளவுக்கு அடர்த்தியாக இருக்க வேண்டும். ஒரே அளவுச் சாக்கில் ஒன்றுக்குக் காய்ந்த உப்பும் மற்றதுக்கு ஈர உப்பும் கட்டித் தூக்கிப் பார்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இலங்கை ஈயம் சாதாரண ஈயத்தைவிட 0.26 விழுக்காடு அடர்த்தி கூடியதாக இருந்தது. 207.2ஐ அந்த அளவால் கூட்டினால் 207.74. இதை 1915இல் வெளியிட்டார். பிறகு இலங்கை ஈயத்தை ஹோனிக்ஷ்மிட் இரசாயன முறையில் நேரடியாக அளந்தபோது கிடைத்தது 207.77. அந்த முடிவு 1917இல் அச்சேறியது. பிரித்தானியாவும் ஒஸ்திரியாவும் போர்க்களத்தில் எதிர் எதிரே நின்ற காலம் அது.

ஒரே நிறம், ஒரே உருகல், அமிலத்தில் ஒரே நடத்தை, அட்டவணையில் ஒரே இடம். ஆனால் தராசில் வேறு. இப்படி இரண்டு ஈயம் உலகத்தில் இருக்க முடியும் என்றால், ஒரு மூலகத்தை அந்த மூலகமாக்குவது அதன் நிறை அல்ல, கருவின் ஏற்றம். ரதர்போர்ட் சொன்ன கருவும் மொஸ்லி எண்ணிய எண்ணும் இங்கே வந்து பொருந்தின. சொடிக்கு இரசாயனவியலுக்கான 1921ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.

குளோரீனுக்கு வருவோம். 1919இல் கேம்பிரிட்ஜில் அஸ்டன், அணுக்களை நிறைப்படி பிரித்துப் படம்பிடிக்கும் கருவி ஒன்றைச் செய்தார். குளோரீன் வாயுவை விட்டுப் பார்த்தபோது 35இல் ஒரு கோடு, 37இல் ஒரு கோடு. 35.5இல் ஒன்றும் இல்லை. எந்தக் குளோரீன் அணுவும் 35.5 நிறையுடையது அல்ல. நாலில் மூன்று 35, ஒன்று 37, சராசரி 35.5. பாலாவியில் ஒரு பிடி உப்பை அள்ளினாலும், ஐரோப்பியச் சுரங்கத்தில் வெட்டினாலும் இந்தக் கலவை ஏறக்குறைய மாறாது. சரி, ஏற்றம் மாறாமல் நிறை மட்டும் இரண்டு கூடுவது எதனால்? ஏற்றம் இல்லாத, புரோத்தன் அளவு கனமுள்ள ஒரு துணிக்கை கருவுக்குள் இருப்பதால். சட்விக் நியூத்திரனைக் கண்டது 1932இல். எமது கல்லூரிக்கு அப்போதே சில வயது ஆகியிருந்தது; அதன் முதல் மாணவிகள் படித்த அணுவில் நியூத்திரன் இல்லை.

உப்பைப் பற்றி இன்னும் ஒன்று. 1913இல், 23 வயதான லோரன்ஸ் பிராக், எக்ஸ் கதிர் கொண்டு உப்புப் பளிங்கின் உள்ளமைப்பைக் கண்டார். சோடியம் ஒன்று குளோரீன் ஒன்று எனச் சோடி சோடியாக அங்கே எதுவும் இல்லை. சதுரங்கப் பலகையின் கட்டங்கள் போல இரண்டும் மாறி மாறி எல்லாப் பக்கமும் போய்க்கொண்டே இருக்கின்றன. சோடியம் ஓர் இலத்திரனை விட்டிருக்கிறது, குளோரீன் வாங்கியிருக்கிறது. மூத்த இரசாயனவியலாளர் ஆம்ஸ்ட்ரோங்குக்கு இது பொறுக்கவில்லை. பதினான்கு வருடம் கழித்து 1927இலும், பாவம் கறியுப்பு என்று தலைப்பிட்டு ‘நேச்சர்’ இதழுக்கு எதிர்ப்புக் கடிதம் எழுதினார். உப்பு விளையும் ஊரில் பிறந்த எமக்கு அந்தத் தலைப்பை நினைத்தாலே சிரிப்பு வரும்.

ஹானின் கதை இன்னும் முடியவில்லை. 1907இல் பேர்லினில் அவரோடு லீஸ மைட்னர் சேர்ந்தார். அந்த நிறுவனத்துக்குள் பெண்கள் வரக்கூடாது. ஆகவே கீழே இருந்த பழைய தச்சுப் பட்டறையில் மைட்னர் வேலை செய்தார். முப்பது வருடம் சேர்ந்து உழைத்தார்கள். யூதர் என்பதால் 1938இல் மைட்னர் ஜேர்மனியிலிருந்து தப்பி ஓடினார். அந்த ஆண்டின் இறுதியில் ஹானும் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தை நியூத்திரனால் தாக்கி, ரேடியம் உண்டாகிவிட்டது என்று எண்ணி, அதைப் பேரியத்திலிருந்து பிரிக்கப் பார்த்தார்கள். பிரியவில்லை. பேரியத்திலிருந்து ரேடியத்தைப் பிரிப்பதில் ஹானைவிடக் கைதேர்ந்தவர் உலகில் மிகக் குறைவு. லண்டனில் இலங்கைக் கல்லின் உப்பில் அவர் பழகிய முதல் வேலையே அதுதான். அந்தக் கைக்கும் பிரியவில்லை என்றால் அது ரேடியமே அல்ல, பேரியம். யுரேனியத்தின் கரு இரண்டாகப் பிளந்திருந்தது. அப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று சுவீடனில் இருந்தபடி விளக்கம் எழுதியவர் மைட்னரும் அவருடைய சகோதரி மகன் ஃபிரிஷும். 1944ஆம் ஆண்டின் பரிசு ஹானுக்கு மட்டும் போனது. ஏழு வருடத்துக்குள் ஹிரோஷிமா.

குமாரசுவாமி இந்த வழியில் வரவில்லை. இலங்கையின் புவிச்சரிதவியல் பற்றிய ஆய்வுகளுக்காக 1906இல் லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு விஞ்ஞானக் கலாநிதிப் பட்டம் கொடுத்தது. கனியங்களைத் தேடிக் கிராமம் கிராமமாக நடந்த மனிதர், வழியில் கண்ட கைவினைஞர்களையும் விகாரைச் சித்திரங்களையும் பற்றி எழுதத் தொடங்கி, 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். கல் பின்னால் தங்கிவிட்டது. எமக்கு அதில் வருத்தம் இல்லை. இரண்டு துறையும் அவரால் பயன்பெற்றன.

வருத்தம் வேறிடத்தில். ஈயத்தை அளந்தவர்களில் ஒருவரான ஸ்டெபானி ஹொரோவிட்ஸ் வார்சோவில் பிறந்த யூதப் பெண். முதல் உலகப் போருக்குப் பின் இரசாயனவியலை விட்டு, துன்பப்பட்ட பிள்ளைகளுக்கான உளவியல் பணியில் இறங்கினார். அடுத்த போரின்போது திரெப்ளிங்கா முகாமில் நாசிகளால் கொல்லப்பட்டார். எமது மூத்த டீச்சர்மார் சிலரிடமும் வெளிநாட்டில் இரசாயனவியல் கற்பிக்கும் எமது தோழிகளிடமும் இந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தோம். ஒருவருக்கும் தெரியவில்லை.

அடா ஹிட்சின்ஸின் பெயரும் அப்படித்தான். கிளாஸ்கோவில் 1913இல் பட்டம் பெற்று, சொடியின் ஆய்வுகூடத்தில் சேர்ந்து, அவரோடு அபர்டீனுக்கும் போனவர். தாதுகளிலிருந்து மிகச் சிறிய அளவில் பொருள்களைத் துப்புரவாகப் பிரித்து அளப்பதில் அவருடைய கையைச் சொடி நம்பியிருந்தார். 1916இல் போர் வேலைக்கு அழைக்கப்பட்டுக் கடற்படையின் உருக்குப் பகுப்பாய்வு ஆய்வுகூடத்துக்குப் போனார். 1921இல் ஒக்ஸ்போர்டில் மீண்டும் சொடியிடம் வந்து ஆறு வருடம் இருந்தார். பிறகு கென்யா. அங்கே அரசாங்கத்தின் சுரங்க, புவிச்சரிதத் திணைக்களத்தில் தாதுப் பகுப்பாய்வாளராக 1946 வரை வேலை பார்த்தார். இரத்தினச் சரளையிலிருந்து எடுத்த கறுத்த கற்களை ஒரு காலத்தில் எமது தீவிலிருந்து பெட்டியில் கட்டி லண்டனுக்கு அனுப்பினார்களே, அப்படியான வேறொரு குடியேற்ற நாட்டின் கற்கள், என்ன மூலகம் என்று கேட்டு, நைரோபியில் அவருடைய மேசைக்கு வந்துகொண்டிருந்தன.